நூறு நாள் எண்ணிய பிள்ளைகள்

மார்ச் மாதம் பிறந்தால், லிசேயோவின் கடைசி வகுப்பில் படிக்கும் எமது பிள்ளைகள் வீட்டில் ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லத் தொடங்குவார்கள்: 'சென்தோ ஜோர்னி', அதாவது நூறு நாள். மத்தூரித்தா பரீட்சைக்கு இன்னும் நூறு நாட்கள்தான் இருக்கின்றன என்பதற்கு ஒரு விருந்து, ஒரே மாதிரி அச்சடித்த மேற்சட்டை, சில வேளை வகுப்பாகச் சேர்ந்து ஒரு பயணம். பெற்றோருக்கு இது விளங்குவதில்லை. பரீட்சை முடிந்த பிறகு கொண்டாடுவதுதான் நாம் அறிந்த முறை. படிக்க வேண்டிய நேரத்தில் இதென்ன கூத்து என்று எங்கள் நிலையத்துக்கே தொலைபேசி எடுத்துக் கேட்டவர்கள் உண்டு. தொஸ்கானாப் பக்கத்துப் பிள்ளைகள் இந்த நாளில் பீசாவின் சாய்ந்த கோபுரத்தடிக்குப் போவார்கள். அப்ருத்சோவில் சான் கப்ரியேலே திருத்தலத்துக்குப் பேனாவைக் கொண்டுபோய் ஆசீர்வாதம் வாங்குவார்கள். சந்நிதியிலும் மடுவிலும் நேர்த்தி வைத்து விட்டுப் பரீட்சை மண்டபத்துக்குப் போன எமக்கு, பேனா ஆசீர்வாதமாவது விளங்கும்.

இந்த நூறு நாள் வழக்கம் சாதாரணப் பாடசாலையில் பிறந்ததல்ல. இது இராணுவக் கல்லூரியிலிருந்து வந்தது. வடக்கே தொரினோ நகரில் சவோய் மன்னர்களின் அரச இராணுவக் கல்லூரி இருந்தது. 1840இல் அங்கே படித்த எம்மானுவேலே பல்போ பெர்தோனே தி சாம்புய் என்ற பிரபு குலத்து மாணவன் இதைத் தொடக்கி வைத்ததாகச் சொல்வார்கள். பியேமொந்தே வட்டார மொழியில் 'மாக் பி சென்த்' என்றால் 'இன்னும் நூறு மட்டுந்தான்' என்று பொருள். பெடியன்கள் அதை எழுத்திலே குறும்பாக 'மாக் பி 100' ஆக்கினார்கள். நடுவிலுள்ள 'பி'க்குக் கிரேக்க எழுத்தைப் போடும் வழக்கமும் வந்தது. இன்றும் இத்தாலியின் இராணுவக் கல்லூரிகளிலும் இராணுவப் பாடசாலைகளிலும் இந்தப் பெயரில்தான் விழா நடக்கிறது. கடைசி வருட மாணவர்கள் தமக்கு அடுத்த வகுப்பாரிடம் 'ஸ்தெக்கா' என்ற ஒரு கட்டையைக் கையளிப்பார்கள். பழைய காலத்தில் சிப்பாய்கள் பித்தளைப் பொத்தானைத் துலக்கும்போது சீருடைத் துணியில் கறை படாமல் பொத்தானுக்கு அடியில் செருகிய மரத்துண்டு அது. மூத்தவன் வேலை முடிந்து போகும்போது இளையவனிடம் கொடுத்துவிட்டுப் போவான். இனிப் பொத்தான் துலக்குவது உன் பாடு!

நான் தொழிலால் கணக்காளன். நாளை எண்ணுவது என்றால் முதலில் ஒரு முடிவுத் திகதி வேண்டும் என்பது எனக்குத் தெரியும். முடிவுத் திகதி இல்லாத கணக்கில் எத்தனை நாள் மீதி என்று எழுத முடியாது. இந்த மாதப் பேச்சுக்கு இராணுவப் பாடசாலையின் கடைசி வருடத்தை நான் எடுத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம், பலெர்மோவில் பிறந்து வளர்ந்த எமது பெடியன்கள் சிலர் நாப்போலியிலுள்ள இராணுவப் பாடசாலைக்கு விண்ணப்பிக்க ஆசைப்படுகிறார்கள். வீட்டில் தாய்மார் அழுகிறார்கள். வரிப் படிவம் நிரப்ப வரும் பெற்றோர், வந்த வேலையை விட்டுவிட்டு இதைத்தான் என்னிடம் கேட்கிறார்கள்.

அவர்கள் கேட்கும் பாடசாலையின் பெயர் நுன்சியாத்தெல்லா. நாப்போலியில் பித்சோபல்கோனே குன்றின் மேல் சிவப்புச் சுவரோடு நிற்கும் கட்டடம். பலெர்மோவிலிருந்து இரவுக் கப்பலில் போகிறவர்கள் விடியற்காலையில் துறைமுகத்தை நெருங்கும்போது அந்தக் குன்றைப் பார்த்திருப்பீர்கள். 1588இல் இயேசு சபைத் துறவிகளின் பயிற்சி மடமாகத் தொடங்கிய இடம் அது. 1767இல் இயேசு சபையார் இந்த இராச்சியத்திலிருந்து துரத்தப்பட்டார்கள். அவர்களுடைய சொத்து அரசன் கைக்கு வந்தது. பலெர்மோவில் அவர்களுடைய பெரிய கல்லூரி 1782இல் நூல்நிலையமாயிற்று. பேராலயத்துக்கு அருகே வித்தோரியோ எம்மானுவேலே வீதியில் இன்று பிராந்திய நூல்நிலையமாக இருப்பது அதுதான். நாப்போலியிலே மடம் இராணுவப் பாடசாலையாயிற்று. அரசன் நான்காம் பெர்தினாந்தோ, யோசேப்பே பரீசி என்ற அதிகாரியின் திட்டப்படி 1787 நவம்பர் 18ஆம் திகதி அரச இராணுவக் கல்லூரியை நிறுவினான். அந்த வருடம் யாழ்ப்பாணக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்தது. ஆங்கிலேயர் அங்கு வர இன்னும் எட்டு வருடங்கள் இருந்தன.

அரசன் எதற்காகப் பாடசாலை கட்டினான் என்பது தெளிவு. பிரபு வீட்டுப் பிள்ளைகளைக் கணிதமும் பீரங்கிக் கலையும் படிப்பித்துத் தனக்கு விசுவாசமான அதிகாரிகளாக வெளியே அனுப்ப வேண்டும். ஆனால் கணிதம் படிப்பிக்க வரும் ஆசிரியன் தன்னோடு வேறு எண்ணங்களையும் கொண்டு வருவான். பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்த காலம். 1798 டிசம்பரில் பிரெஞ்சுப் படை நெருங்கியதும் அரசன் குடும்பத்தோடு நெல்சனின் கப்பலில் ஏறிப் பலெர்மோவுக்கு ஓடி வந்தான். பவோரித்தா பூங்காவில் நாம் பிள்ளைகளோடு பார்க்கும் சீன மாளிகை அவன் அப்படி வந்திருந்த காலத்தில் எழும்பியதுதான். அவன் இங்கே வேட்டையாடிக்கொண்டிருக்க, 1799 சனவரியில் நாப்போலியில் குடியரசு அறிவிக்கப்பட்டது. அவனுடைய இராணுவக் கல்லூரியைச் சேர்ந்தவர்களில் பலர் குடியரசின் பக்கம் நின்றார்கள். ஐந்து மாதத்தில் குடியரசு விழுந்தது. தூக்கு மேடைகள் எழும்பின, கல்லூரியும் மூடப்பட்டது. பிறகு திறந்தார்கள். பிரெஞ்சுக்காரர் வந்தபோது பாரிசின் பொலிடெக்னிக் மாதிரியில் அதை மாற்றினார்கள். அரசன் 1815இல் திரும்பி வந்தபோது பாடசாலை அங்கேயே இருந்தது, எண்ணங்களும் அங்கேயே இருந்தன.

1820இல் நாப்போலியில் அரசியலமைப்புக் கேட்டு நடந்த கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய சேனாதிபதி குலியெல்மோ பேப்பே இந்தப் பாடசாலையின் பழைய மாணவர். அவருடைய அண்ணன் புளோரெஸ்தானோவும் அப்படியே. கிளர்ச்சிச் செய்தி பலெர்மோவுக்கு வந்தது யூலை மாதம், சாந்தா ரொசாலியா திருவிழா நடந்துகொண்டிருந்த வேளையில். பலெர்மோ மக்கள் அரசியலமைப்பு மட்டும் போதாது, சிசிலிக்குத் தனியான பாராளுமன்றமும் வேண்டும் என்று எழுந்தார்கள். சுதந்திரத்துக்காகப் போராடி வென்ற நாப்போலிக்காரர் சிசிலியின் சுதந்திரத்தை ஒத்துக்கொள்ளவில்லை. அடக்குவதற்குப் படை அனுப்பினார்கள். படைக்குத் தலைவர் புளோரெஸ்தானோ பேப்பே. அவர் சண்டை பிடித்தார், ஆனால் நகரத்தைச் சாம்பலாக்காமல் பேச்சுக்கு இறங்கினார். 1820 ஒக்டோபர் 5ஆம் திகதி உடன்படிக்கை கையெழுத்தானது: தனிப் பாராளுமன்றம் வேண்டுமா என்பதைச் சிசிலியின் பிரதிநிதிகளே பெரும்பான்மையால் தீர்மானிக்கலாம். அதே மாதத்தில் நாப்போலிப் பாராளுமன்றம் அதை ஒருதலைப்பட்சமாக நிராகரித்து, புளோரெஸ்தானோவின் இடத்துக்கு வேறொரு தளபதியை அனுப்பியது. 1957இல் கைச்சாத்திட்டு 1958இல் கிழித்தெறியப்பட்ட ஒரு ஒப்பந்தத்தை எமது நேயர்களுக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. தலைநகரத்துக்காரர் தமக்குக் கேட்ட உரிமையை அடுத்த தீவானுக்கோ அடுத்த மாகாணத்தானுக்கோ கொடுக்க மறுப்பது எங்கேயும் ஒரே மாதிரித்தான் நடக்கிறது.

இனி 1830களுக்கு வருவோம். இந்தப் பேச்சின் நடுப்பகுதி அதுதான். அந்தப் பத்து வருடத்தில் நுன்சியாத்தெல்லாவில் ஏறக்குறைய ஒரே வயதுப் பையன்கள் மூவர் படித்தார்கள். கார்லோ பிசாக்கானே, 1818இல் நாப்போலியில் பிறந்தவன். சல்வத்தோரே பியானெல், அதே 1818இல் எமது பலெர்மோவில் பிறந்தவன். என்ரிக்கோ கோசென்ஸ், 1820இல் கயேத்தாவில் பிறந்தவன். ஒரே சாப்பாட்டு மண்டபம், ஒரே பீரங்கிப் பாடப் புத்தகம், கடைசியில் ஒரே அரசனுக்கு ஒரே சத்தியப்பிரமாணம்.

பிசாக்கானே அதிகாரியாகி நாப்போலியிலிருந்து கசேர்த்தாவுக்குப் போட்ட ரயில்பாதை வேலையிலும் ஈடுபட்டான். 1847இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இன்னொருவரின் மனைவியாயிருந்த என்ரிக்கேத்தா தி லொரென்சோவுடன் நாட்டைவிட்டு ஓடினான். அல்ஜீரியாவில் பிரெஞ்சு அந்நியர் படையில் சேர்ந்தான். 1849இல் ரோமக் குடியரசின் பாதுகாப்பில் முக்கிய பங்கெடுத்தான். ஏழை விவசாயிக்கு நிலம் இல்லாமல் தேசம் மட்டும் கிடைத்து என்ன பயன் என்று எழுதிய ஆரம்ப கால இத்தாலியச் சோசலிசவாதிகளில் ஒருவன். 1857 யூன் 25ஆம் திகதி ஒரு சிறு குழுவோடு ஜெனோவாவில் 'கல்யாரி' என்ற நீராவிக் கப்பலில் பயணிகள் போல ஏறி, நடுக்கடலில் கப்பலைக் கைப்பற்றி, பொன்சா தீவுச் சிறையிலிருந்த சுமார் முந்நூறு பேரை விடுவித்து, சாப்ரியில் கரையிறங்கினான். எந்த விவசாயிகளுக்காக வந்தானோ அவர்கள் இவர்களைக் கொள்ளையர் என்று நம்பி எதிர்த்தார்கள். யூலை 2ஆம் திகதி சான்சா என்ற ஊரில் அவன் கதை முடிந்தது. வயது 38.

கோசென்ஸ் வேறு வழியில் போனான். 1848இல் பழைய மாணவர் குலியெல்மோ பேப்பேயின் கீழ் வடக்கே போன நாப்போலிப் படையில் இருந்தான். அரசன் திரும்பி வரச் சொல்லிக் கட்டளையிட்டபோது பேப்பேயோடு சேர்ந்து கீழ்ப்படிய மறுத்து வெனிஸ் நகரைக் கடைசிவரை காத்தவர்களில் ஒருவன். பிறகு பத்து வருட அகதி வாழ்க்கை. பியானெலோ அரசனோடு நின்றான். படிப்படியாக உயர்ந்து தளபதியானான்.

1860 வந்தது. மே 27ஆம் திகதி கரிபால்டி தெர்மினி வாயிலால் பலெர்மோவுக்குள் நுழைந்தார். அவர் வந்த பாதைதான் இன்று 'கோர்சோ தெய் மில்லே', ஆயிரம் பேர் வீதி என்று அழைக்கப்படுகிறது. அந்த வேளையில் அரச படையின் மிகத் துணிச்சலான அதிகாரி பெர்தினாந்தோ பெனெவெந்தானோ தெல் போஸ்கோ ஊரில் இல்லை. கரிபால்டி விட்ட தூண்டில் படையைத் துரத்திக்கொண்டு கோர்லெயோனே வரை போயிருந்தார். போஸ்கோவும் பலெர்மோவில் பிறந்தவர், அவரும் நுன்சியாத்தெல்லாவில் படித்தவர். யூலை 20ஆம் திகதி மிலாத்சோவில் நடந்த சண்டையில் அரச படைக்குத் தலைவர் இதே போஸ்கோ. எதிரே கரிபால்டியின் பக்கத்தில் நின்றவர்களில் ஒருவர் கோசென்ஸ். மெசினாவுக்குப் போகும்போது நெடுஞ்சாலையிலிருந்து தெரியும் அந்த மிலாத்சோக் கோட்டையின் முன்னால், ஒரே பாடசாலையில் பீரங்கி படித்தவர்கள் இருபுறமும் நின்று சுட்டுக்கொண்டார்கள்.

இன்னும் வேடிக்கை நாப்போலியில் நடந்தது. அந்த யூலையில் கடைசி அரசன் இரண்டாம் பிரான்செஸ்கோவின் போர் அமைச்சரானவர் பியானெல். படையும் கடற்படையும் கைவிட்டுப் போவதைக் கண்டு செப்டெம்பர் தொடக்கத்தில் பதவி விலகினார். 7ஆம் திகதி கரிபால்டி நாப்போலிக்குள் வந்தார். அவருடைய அரசாங்கத்தில் போர் அமைச்சர் கோசென்ஸ். ஒரே மாதத்தில் ஒரே அமைச்சுக் கதிரையில் ஒரே பாடசாலையின் இரண்டு மாணவர்கள். பிறகு இரண்டு பேருமே ஒன்றுபட்ட இத்தாலியின் படையில் தளபதிகளாயினர். 1866இல் குஸ்தோத்சாவில் ஒஸ்திரியரிடம் இத்தாலி தோற்றபோது நிதானம் தவறாமல் படையை நடத்தியவர் என்று பேர் வாங்கியவர் பலெர்மோப் பியானெல். 1882இல் இத்தாலிய இராணுவத்தின் முதலாவது பிரதம அதிகாரியானவர் கோசென்ஸ். பெரியவர்களுக்கு இப்படித்தான் ஏதோ ஒரு கணக்குச் சரிவரும்.

சிறியவர்களின் கணக்குச் சரிவருவதில்லை. அரசன் செப்டெம்பர் 6ஆம் திகதி நாப்போலியை விட்டுக் கயேத்தாக் கோட்டைக்குப் போனான். நுன்சியாத்தெல்லாவிலே இன்னும் படித்து முடிக்காத மாணவர் சிலர் பாடசாலையிலிருந்து தப்பி, அரசனைத் தேடிக் கயேத்தாவுக்குப் போனார்கள். சத்தியம் செய்த கொடி தோற்கும்போது வகுப்பில் இருக்க அவர்களால் முடியவில்லை. முற்றுகை 1861 பெப்ரவரி வரை நீடித்தது. பெப்ரவரி 13ஆம் திகதி, சரணடைவு நிபந்தனைகளைப் பேசிக்கொண்டிருந்த நாளிலேயே, குண்டு விழுந்து திரான்சில்வானியா என்ற பீரங்கி மேடையின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. இறந்தவர்களில் கார்லோ ஜோர்தானோ என்ற, இருபது வயதுகூட ஆகாத நுன்சியாத்தெல்லா மாணவனும் ஒருவன். அன்று மாலை சரணடைவு கையெழுத்தாயிற்று.

மறுபக்கத்திலும் பிள்ளைகள் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. 1860 கோடையில் கரிபால்டி பலெர்மோவில் தெருவில் அலைந்த பையன்களுக்கென ஒரு இராணுவப் பாடசாலை அமைக்கும் பொறுப்பை அல்பேர்த்தோ மாரியோவிடம் கொடுத்தார். மாரியோவின் மனைவி ஜெஸ்ஸி வைட் என்ற ஆங்கிலப் பெண்மணி. கரிபால்டியின் காயப்பட்டோரைப் பராமரித்தவர். நோக்கம் நல்லதுதான்: உணவு, உடை, எழுத்து, ஒழுக்கம். ஆனால் போர்க்காலத்தில் சீருடை போட்ட பிள்ளையைப் போர் தேடி வந்துவிடும். கயேத்தாவில் இறந்த பிரபு வீட்டுப் பையன்களுக்குக் கல்வெட்டும் புத்தகமும் உண்டு. பலெர்மோத் தெருப் பையன்களின் பெயர்களைத் தேடினால் அவ்வளவு எளிதில் கிடைக்காது.

இராச்சியம் ஒன்றான பிறகு நுன்சியாத்தெல்லா நாடு முழுவதற்குமான இடைநிலை இராணுவப் பாடசாலையாயிற்று. உலகப் போர்கள் இரண்டிலும் அதன் மாணவர்கள் இறந்தார்கள். 1946இல் இத்தாலி குடியரசானது. இன்று இத்தாலியில் இப்படி நான்கு பாடசாலைகள் உண்டு: நாப்போலியில் நுன்சியாத்தெல்லா, மிலானோவில் தெயுலியே, வெனிஸில் கடற்படையின் மொரோசீனி, பிரென்சேயில் விமானப்படையின் தூஹே. 222 வருடம் ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமாயிருந்த நுன்சியாத்தெல்லாவுக்கு 2009இல் பெண்பிள்ளைகளும் வந்தார்கள். மகனுக்காகக் கேட்கும் பெற்றோருக்கு மகளுக்கும் வழி திறந்திருக்கிறது என்று சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்க ஒன்றுமில்லை.

தமிழர்களுக்கும் இந்த மாதிரிப் பாடசாலை புதிதல்ல. தமிழ்நாட்டில் உடுமலைப்பேட்டைக்கு அருகே அமராவதி அணைப் பக்கத்தில் அமராவதிநகர் சைனிக் பள்ளி 1962 யூலை 16ஆம் திகதி தொடங்கியது. பாதுகாப்பு அமைச்சராயிருந்த வி.கே. கிருஷ்ண மேனன் காலத்து யோசனை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை விடுதியில் வைத்துப் படிப்பித்துத் தேசிய பாதுகாப்புக் கல்லூரிக்கு ஆயத்தப்படுத்துவது நோக்கம். அங்கும் பெண்பிள்ளைகள் 2021இல் சேர்ந்தார்கள். எமது யாழ்ப்பாணக் கல்லூரிகளில் இருந்தது கடேற் பயிற்சி. பாடம் முடிந்த பின் மைதானத்தில் நடை, வருடத்துக்கு ஒரு முகாம், வீட்டுக்கு வந்து அம்மாவின் சோறு. அதை விடுதி இராணுவப் பாடசாலையோடு ஒப்பிடக் கூடாது.

இப்போது நடைமுறைக்கு வருகிறேன், ஏனெனில் கேட்பவர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். நுன்சியாத்தெல்லாவில் படிப்பு மூன்று வருடம், லிசேயோவின் கடைசி மூன்று வருடம். கிளாசிக்கோவும் ஷென்திபிக்கோவும் உண்டு. பதினைந்து தொடக்கம் பதினேழு வயதுக்குள், முதல் இரண்டு வருடத்தை வெளியே முடித்துவிட்டுப் போட்டிப் பரீட்சை எழுத வேண்டும். மருத்துவப் பரிசோதனை, உடற்பயிற்சி, உளச்சார்பு, பொது அறிவு எல்லாம் உண்டு. முதல் நிபந்தனை இத்தாலியப் பிரசாவுரிமை. இங்கேதான் எமது பிள்ளைகள் பலர் வாசலிலேயே நிற்கிறார்கள். 1992ஆம் ஆண்டின் 91ஆம் இலக்கச் சட்டப்படி, இங்கே பிறந்து இடைவிடாமல் சட்டப்படி வசித்த பிள்ளைகூட பதினெட்டு வயதில்தான் பிரசாவுரிமை கேட்கலாம், அதுவும் பத்தொன்பது ஆவதற்குள். பாடசாலைக்கோ பதினைந்தில் வேண்டும். ஆக, தாய் அல்லது தகப்பன் முன்பே பிரசையாகி, கூட வசிக்கும் பிள்ளைக்கு அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். 2025இல் வந்த 74ஆம் இலக்கச் சட்டத்தின் பின், அந்த நேரத்தில் பிள்ளை இத்தாலியில் குறைந்தது இரண்டு வருடம் தொடர்ந்து சட்டப்படி வசித்திருக்கவும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர் விண்ணப்பிக்கப் பத்து வருட வதிவு வேண்டும். அகதியாக ஏற்கப்பட்டவருக்கு ஐந்து வருடம். பத்தை ஐந்தாக்கக் கேட்ட 2025 யூன் மக்கள் தீர்ப்பு, போதிய பேர் வாக்களிக்காததால் செல்லுபடியாகவில்லை. அகதிப் பத்திரம் இருந்தும் பத்து வருடம் காத்திருக்க வேண்டும் என்று நினைத்து விண்ணப்பிக்காமல் இருக்கும் குடும்பங்களை நான் இப்போதும் காண்கிறேன். மகன் எந்தப் பாடசாலைக்குப் போனாலும் சரி, அந்த விண்ணப்பத்தைப் போடுங்கள்.

இரண்டாவது நிபந்தனையைப் பெற்றோர் கவனிப்பதில்லை. பிள்ளைக்குப் பதினாறு வயது நிறைந்ததும், மூன்று வருடத்துக்கான விசேட இராணுவச் சேவை ஒப்பந்தத்தில் சேர வேண்டும். பெற்றோரின் சம்மதமும் வேண்டும். அதாவது அவன் மாணவன் மட்டுமல்ல, சட்டப்படி படையிலும் இருப்பவன். இந்த வரியை வாசித்துக் காட்டும்போது தாய்மாரின் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். ஏன் என்று எமக்குத் தெரியும். வன்னியிலும் மட்டக்களப்பிலும் பதினாறு வயதில் பரீட்சை எழுதாமல் போன பிள்ளைகளை இந்த ஊரில் தெரியாத குடும்பம் இல்லை. விரும்பிப் போனவர்கள் உண்டு, இழுத்துக்கொண்டு போகப்பட்டவர்கள் உண்டு, ஒளித்து வைத்தும் காப்பாற்ற முடியாமல் போனவர்கள் உண்டு. அவர்களுக்கு யாரும் நூறு நாள் எண்ணவில்லை. 'படித்து முடித்தவர்' என்ற பட்டியல் அங்கே இருக்கவேயில்லை.

உலகச் சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று ஒரு நேயர் கேட்டிருந்தார். ஆயுத மோதலில் பிள்ளைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் மேலதிக உடன்படிக்கை 2000 மே 25ஆம் திகதி ஏற்கப்பட்டு 2002 பெப்ரவரி 12இல் நடைமுறைக்கு வந்தது. பதினெட்டுக்குக் கீழ்ப்பட்ட படையினர் சண்டையில் நேரடியாக ஈடுபடாமல் பார்த்துக்கொள்வது அரசின் கடமை. கட்டாயமாகச் சேர்ப்பது பதினெட்டுக்குக் கீழ் கூடாது. அரசு சாராத ஆயுதக் குழுக்கள் பதினெட்டுக்குக் கீழ் யாரையும் எந்த நிலையிலும் சேர்க்கக்கூடாது. ஆனால் விரும்பிச் சேர்பவரின் வயதெல்லையை உயர்த்த வேண்டும் என்ற விதியிலிருந்து படைகள் நடத்தும் பாடசாலைகளுக்கு விலக்கு உண்டு. பெரிய நாடுகள் தமது பழைய பாடசாலைகளை மூட விரும்பாததால் விட்ட இடைவெளி என்றுதான் நான் அதை வாசிக்கிறேன். அதற்காக இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. இங்கே பையன் நடுவில் விலகி வழக்கமான லிசேயோவுக்குத் திரும்பலாம். மூன்று வருடம் முடிந்தால் மோதெனாவிலுள்ள இராணுவக் கல்லூரிக்கும் போகலாம், அங்கே இந்தப் பாடசாலைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய இடங்களும் உண்டு. மருத்துவமோ பொறியியலோ சட்டமோ படிக்கப் பல்கலைக்கழகத்துக்கும் போகலாம், யாரும் மறிக்கமாட்டார்கள். இத்தாலியில் கட்டாயச் சேவையும் 2005 சனவரியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. பாடசாலையின் இலட்சிய வாக்கியமே வாழ்க்கைக்கும் ஆயுதத்துக்கும் ஆயத்தப்படுத்துகிறேன் என்பதுதான். அதில் வாழ்க்கை முதலில் வருகிறது.

ஆகவே, சேருவதற்கான நிபந்தனைகளை மட்டும் படித்துவிட்டு என்னிடம் வரும் பெற்றோரிடம், விலகுவதற்கான விதிகளையும் வாசித்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்கிறேன். எந்தத் திகதியில் ஒப்பந்தம் முடிகிறது, நடுவில் வந்தால் எந்த வகுப்பில் சேர்ப்பார்கள், விடுதிக் கட்டணம் எவ்வளவு, சீருடைச் செலவு யாருடையது. பிள்ளையே கேட்டு, இரண்டு வருடம் விடாமல் கேட்டால் யோசியுங்கள். ஊரில் மதிப்பு வரும், பெடியன் ஒழுக்கமாக வருவான் என்று தகப்பன் தள்ளிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. வீட்டில் ஒழுங்குக்கு வராத பிள்ளையைப் பிகுலால் எழுப்பித் திருத்தலாம் என்பது, நாங்கள் படித்த காலத்துப் பிரம்பின் மீது இருந்த நம்பிக்கைதான். தாய் வேண்டாம் என்றால் அதையும் கேட்க வேண்டும். அவர் எதைப் பார்த்துவிட்டு இந்தத் தீவுக்கு வந்தார் என்பது மகனுக்குத் தெரியாமலிருக்கலாம், தகப்பனுக்குத் தெரியும்.

நாப்போலியில் ஒவ்வொரு வருடமும் நவம்பரில், பாடசாலை தொடங்கிய நாளையொட்டி, புதிய மாணவர்கள் சத்தியப்பிரமாணம் செய்வார்கள். அநேகமாகப் பிளெபிஷீத்தோ சதுக்கத்தில் நடக்கும். பார்க்க விரும்புகிறவர்கள் இரவுக் கப்பலில் போய்ப் பார்க்கலாம், அனுமதிச் சீட்டு எதுவும் இல்லை. பழைய மாணவர்கள் நரைத்த தலையோடு வருட வரிசைப்படி நடந்து போவார்கள். மருத்துவர், வழக்கறிஞர், வங்கி மனேஜர், என்னைப் போல ஒரு கணக்காளரும் இருக்கக்கூடும். அதன் பின் குளிர்காலத்தில் மூத்தவர்கள் கட்டையைக் கையளித்து நூறு நாளை எண்ணத் தொடங்குவார்கள். நூறு முடிகிற யூன் காலை எட்டரை மணிக்கு மத்தூரித்தாவின் முதலாவது தாள், இத்தாலிய மொழி. நுன்சியாத்தெல்லாவிலே கெப்பித் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்காரும் பெடியனுக்கும், எமது பலெர்மோவில் லிசேயோ உம்பேர்த்தோவிலோ கன்னித்சாரோவிலோ உட்காரும் பிள்ளைக்கும் ரோமிலிருந்து வருவது ஒரே கேள்வித்தாள்.